நம்மாளுங்க கொஞ்சம் பின்னாடி

போன மாதம் கோயில் மண்டபத்தில் அவருக்கு இரங்கல் கூட்டம் போட்டார்கள். ஏழு பேர் பேசினார்கள். ஏழு பேரும் நேர்மையானவர், நேர்மையானவர் என்று அந்த ஒரே வார்த்தையை வாயில் போட்டு மென்றார்கள். நான் கடைசி வரிசையில் வயிறு எரிய உட்கார்ந்திருந்தேன். கூட்டம் முடிந்ததும் கமிட்டிக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, "அக்கா, நீங்க ஒரே கட்டடத்துல அவரோட இருபத்தஞ்சு வருசம் இருந்தவங்க. நினைவு மலர் ஒண்ணு போடப்போறோம். ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. இதை அவர்கள் போட மாட்டார்கள். போடாவிட்டால் போகிறது!

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவருக்குப் பெயர் இரண்டு. அலுவலகப் பலகையில் ஒரு பர்மியப் பெயர், வீட்டில் அவர் அப்பா வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று. அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கிய தமிழர், அம்மா பர்மாக்காரி. எங்கள் வார்டில் பர்மாக்காரர்கள் அவரை லூஜி என்பார்கள், பெரிய மனிதர் என்று அர்த்தம். நாங்கள் தலைவர் என்போம். ஏழு வருடம் யாங்கோனில் பசுந்தாங் பகுதியில் எங்கள் வார்டுக்குத் தலைவராக இருந்தார். அப்புறம் தேர்தலில் நின்று ஜெயித்து, யாங்கோன் பாராளுமன்றத்தில் ஐந்து வருடம் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு பட்டாளம் வந்து பாராளுமன்றமே இல்லாமல் போய்விட்டது, அவரும் பழையபடி வேட்டிபோல ஏற்றிக் கட்டிய லுங்கியோடு மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். அவர் வீடு மூன்றாவது மாடி, எங்கள் வீடு நான்காவது. தெருவோரம் கீழே என்னுடைய போட்டோகாப்பி கடை. அதற்கு நேர் எதிரே வார்டு ஆபீஸ். அவர் வந்ததும் போனதும் உட்கார்ந்ததும் எழுந்ததும் எல்லாம் என் கண்ணுக்கு முன்னால்தான்.

அவரைப் பற்றி நல்லதாக ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது, அதுதானே கோளாறு! காலை ஏழு மணிக்கு ஆபீசைத் திறந்து, மேசையைத் தானே துடைப்பார். டீயை வீட்டிலிருந்தே பிளாஸ்கில் கொண்டுவருவார். எவர் வாங்கிக் கொடுத்தாலும் ஒரு வாய் குடிக்க மாட்டார். ஒரு தடவை ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு ஏதோ பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர்கள் சந்தோஷத்தில் ஒரு பை லட்டைக் கொண்டுவந்து அவர் வீட்டுக் கயிற்றில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் ஊரில் மாடி வீட்டுக்காரர்கள் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கவிட்டிருப்பார்கள். பத்திரிகைக்காரன் பேப்பரைக் கிளிப்பில் மாட்டினால் மேலே இழுத்துக்கொள்வதற்கு. அந்த லட்டுப் பையை அவர் இழுக்கவும் இல்லை, அவிழ்த்து வேறு யாருக்கும் கொடுக்கவும் இல்லை. மூன்று நாள் தொங்கியது. காக்கை கொத்தி, எறும்பு மொய்த்து, என் கடை வாசலெல்லாம் ஒரே பிசுபிசுப்பு. மூன்றாம் நாள் நானே கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டேன்.

"ஏண்ணே, வேணாம்னா கீழ நிக்கிற பிள்ளைங்களுக்காவது குடுத்திருக்கலாமே?" என்றேன்.

"நான் குடுத்தா நான் வாங்கினதாதானே ஆகும் தங்கச்சி" என்றார்.

சிரித்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. நம் சாதிசனத்தில் இப்படியும் ஒரு ஆள் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய வாயில் ஒரு வாக்கியம் உண்டு. எங்கே வரிசை நின்றாலும் அது வரும். அவர் வார்டுத் தலைவர் ஆவதற்கு முன்பு, அந்தப் பெரிய புயல் அடித்து ஊரெல்லாம் மரம் விழுந்து தண்ணீர் இல்லாமல் தவித்தபோதுதான் நான் அதை முதன்முதலாகக் கேட்டேன். யாரோ புண்ணியவான் லாரியில் அரிசி அனுப்பியிருந்தார். இவர் தெரு முனையில் நின்று வரிசையைச் சரிசெய்தார். எங்கள் முகங்களைப் பார்த்ததும் கையைத் தூக்கி, "நம்மாளுங்க கொஞ்சம் பின்னாடி நில்லுங்க. அப்புறம் பேச்சு வந்துரும்" என்றார். நாங்களும் நல்ல பிள்ளைகளாகப் பின்னால் போனோம். அவர் சொந்த அம்மா, எழுபது வயதுக் கிழவி, அலுமினியப் பாத்திரத்தோடு முன்னால் நின்றிருந்தார். அவரையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுவந்து எங்களுக்கும் பின்னால் நிறுத்தினார். அரிசி எங்கள்வரைக்கும் வரவில்லை. லாரியில் கொட்டிக்கிடந்த நொய்யைக் கூட்டி அள்ளி ஆளுக்கு இரண்டு பிடி கொடுத்தார்கள். அந்த அம்மாவுக்கு அதுவும் இல்லை.

அன்றைக்கு யாரும் கோபப்படவில்லை. பெற்ற தாயையே பின்னால் நிறுத்தினார் பாருங்கள் என்று அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினோம். அந்தத் தாயின் வயிற்றுக்கு அன்று ராத்திரி என்ன கிடைத்தது என்று ஒருவராவது கேட்டோமா? நானும் கேட்கவில்லை.

வார்டுத் தலைவர் ஆன பிறகு இந்தப் பழக்கத்துக்கு நாற்காலியும் முத்திரையும் கிடைத்துவிட்டன. ஆபீசுக்குள் போனால் தமிழில் ஒரு வார்த்தை பேச மாட்டார். மாடிப்படியில், "என்னா தங்கச்சி, வீட்டுக்காரர் கால்வலி எப்பிடி இருக்கு?" என்று கேட்கிற அதே மனிதர், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்ததும் என் பெயருக்கு முன்னால் பர்மிய முறைப்படி மா போட்டு, முகத்தைப் பார்க்காமல் பேசுவார். பர்மிய மொழி தட்டுத்தடுமாறிப் பேசுகிற எங்கள் பெரியவர்கள் அவர் முன்னால் நின்று விழிப்பதைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். கடையை விட்டுவிட்டுப் போய் நான்தான் மொழிபெயர்ப்பேன். தமிழே தெரியாதவர்போலக் கேட்டுக்கொண்டிருப்பார்!

வருகிற விண்ணப்பங்களை மேசை மேல் அடுக்குவார். தமிழ்ப் பெயர் கண்ணில் பட்டால் அந்தப் பேப்பரை மெதுவாக உருவி அடியில் வைப்பார். தூக்கியெறிய மாட்டார், கிழிக்க மாட்டார், காசு கேட்க மாட்டார். அடியில் வைப்பார், அவ்வளவுதான். மேலேயிருந்து ஒவ்வொன்றாகக் கையெழுத்தாகும். அடியில் இருப்பதற்கு முறை வருவதற்குள் மேலே புதிதாகப் பத்து சேர்ந்துவிடும்.

ஏன், சாமிக்கே அந்தக் கதிதான். எங்கள் அம்மன் கோயில் தேர் வருடா வருடம் பெரிய தெரு வழியாகப் போகும். அதற்கு வார்டில் கையெழுத்து வேண்டும். இவர் தலைவரான முதல் வருடம், பெரிய தெருவை மறித்தால் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பின்சந்து வழியாகப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தார். பின்சந்தில் தேர் எப்படிப் போகும்? தலைக்குமேல் எல்லா வீட்டுக் கரண்டு ஒயரும் பின்னிக் கிடக்கிறது. தேர்க்குடை ஒயரில் மாட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரம் அம்மன் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். பூசாரிக்கு அழுகையே வந்துவிட்டது. இவர் வேர்க்க விறுவிறுக்க ஏணியைத் தோளில் சுமந்து வந்து, தானே மேலே ஏறிக் குடையை எடுத்துவிட்டார். கீழே இறங்கித் தேருக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். பக்தியில் குறையே கிடையாது! அடுத்த வருடமும் பின்சந்துதான்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். என் மகள் விஷயத்தை அப்படிச் சொல்ல முடியாது.

செல்வி எனக்கு ஒரே பிள்ளை. பத்தாவது பரீட்சையில், இங்கே அது முடிந்தால் நேரே கல்லூரிதான், நான்கு பாடத்தில் சிறப்பு மதிப்பெண் வாங்கினாள். எங்கள் கட்டடத்தில் அதுவரைக்கும் யாரும் வாங்கியதில்லை. மருந்தியல் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மருந்துக் கடைக்குப் போனால் மருந்து வாங்கிக்கொண்டு வர மாட்டாள், அட்டையிலிருப்பதை எல்லாம் படித்துக்கொண்டு நிற்பாள். கல்லூரிக்கு மனுப் போட அடையாள அட்டை நகல் வேண்டும். அவளிடம் கார்டு இல்லை. பத்து வயதில் எடுத்திருக்க வேண்டியது. அந்த வருடம் அவள் அப்பா துறைமுகத்தில் விழுந்து கால் உடைந்து கிடந்தார், அப்படியே விட்டுவிட்டோம். தப்பு எங்கள்மேல்தான். ஆனாலும் நேரம் இருந்தது. மூன்று தலைமுறையாக இதே தெருவில் இருக்கிற குடும்பம் என்று வார்டுத் தலைவர் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டால், குடிவரவு ஆபீசில் இரண்டு மாதத்தில் கார்டு வந்துவிடும். மனு அனுப்பக் கடைசி நாளுக்கு நான்கு மாதத்துக்கு மேல் இருந்தது.

மாமனார் காலத்துக் குடும்பப் பட்டியல், துறைமுகச் சீட்டு, செல்வியின் பிறப்புச் சான்று எல்லாவற்றையும் என் கையால் நகல் எடுத்து, ஊசி குத்தி, அவர் மேசையில் வைத்தேன். பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று பர்மிய மொழியில் சொன்னார். சொல்லிக்கொண்டே உருவி அடியில் வைத்தார்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். யாபாதே, ஆகட்டும் என்றார். இரண்டு வாரம் கழித்துப் போனேன். யாபாதே. அவர் தேர்தலில் நிற்கப்போகிறார் என்று அதற்குள் தெருவெல்லாம் பேச்சு. ஒரு நாள் காலையில் வார்டு ஆபீஸ் சுவரில் யாரோ ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். தன் இனத்துக்காரர்களுக்குக் கார்டு வாங்கிக் கொடுக்கிற ஆள் நமக்கு வேண்டுமா என்று எழுதியிருந்தது. இனம் என்று நான் எழுதுகிறேன். அவர்கள் எழுதியிருந்த சொல் வேறு. அவர் அதைக் கிழித்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் படியில்கூட வேகமாக இறங்கிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது மாடி வாசலில் வழிமறித்தேன். செல்வியும் என் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணே, பிள்ளையோட படிப்பு. நாள் போவுது."

"தெரியும் தங்கச்சி. தேர்தல் வேலை கொஞ்சம் ஓயட்டும். இப்ப நான் ஒனக்குப் போட்டா நாளைக்கி ஒன் பேரத்தான் சுவத்துல எழுதுவானுங்க."

"எழுதட்டுமே! எனக்கு என்னாண்ணே போச்சு?"

செல்வி அதுவரைக்கும் பெரியவர்கள் முன்னால் வாயைத் திறந்ததில்லை. "மாமா, எங்க பேப்பர்ல ஏதும் பொய் இருக்கா?" என்று கேட்டாள்.

"சேச்சே! எல்லாம் சரியா இருக்கும்மா. அதான் சொல்றேன். சரியா இருக்கிற பேப்பர் எப்ப வேணாலும் போகும். நீ கவலப்படாத."

அவள் தலையில் கை வைத்துவிட்டு இறங்கிப்போனார். தப்பான பேப்பர் வைத்திருந்தவர்கள் அலைந்து திரிந்து வேலையை முடித்துக்கொண்டார்கள். எங்கள் பேப்பர் சரியாக இருந்த குற்றத்துக்கு அடியில் கிடந்தது.

பிறகு கட்சி அவரை வேட்பாளராக அறிவித்தது. வார்டுத் தலைவர் பதவியை ராஜினாமா செய்தார். கடைசி நாள் மேசையைக் காலி பண்ணிக்கொண்டிருந்தபோது நான் கடையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"அண்ணே, போட்டுட்டீங்களா?"

அடியில் கிடந்த கட்டை இழுப்பறைக்குள் தள்ளிக்கொண்டே, ஆபீசுக்குள் முதன்முறையாகத் தமிழில், குரலை இறக்கிச் சொன்னார். "புது ஆள் வரட்டும் தங்கச்சி. அவரு பர்மாக்காரரு. அவரு போட்டா ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க. ஒங்களுக்கும் அதான் நல்லது, என்னா?"

புது ஆள் வர ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருடைய தேர்தல் நோட்டீசை நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். இனாமாக! தமிழ்ச்சனம் பூராவும் அவருக்காகத் தெருத்தெருவாக அலைந்தது. நம்மாள் ஒருத்தர் உள்ளே போனால் நமக்கு விடிவு வரும் என்று நம்பினோம். நோட்டீசில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது, தன்னவர் என்று பார்க்காதவர் என்று. என் மகளின் பேப்பர் எதிர் ஆபீஸ் இழுப்பறையில் கிடக்க, அந்த வரியை நான் ஆயிரக்கணக்கில் அச்சடித்துக் கொடுத்தேன். இப்படி ஒரு மடத்தனத்தை உலகத்தில் வேறு எந்தச் சனம் செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை.

புதிதாக வந்தவருக்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது. வெற்றிலைச் சாற்றைத் துப்பித் துப்பி ஆபீஸ் சுவரையே சிவப்பாக்கினவர். அவர் வந்த அன்றைக்கு இழுப்பறையைத் திறந்தார். அடியில் பதினொரு பேப்பர் ஒரு கட்டாகக் கிடந்தது. பதினொன்றும் தமிழ்ப் பெயர்கள். இதெல்லாம் என்ன என்று கேட்டுவிட்டு, வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு பதினொன்றிலும் கையெழுத்துப் போட்டார். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது. ஒரு டீகூடக் கேட்கவில்லை. கல்லூரிக்கு மனு அனுப்பக் கடைசி நாள் முடிந்து அன்றைக்கு நான்காவது நாள்.

அடுத்த வருடம் மறுபடி பரீட்சை எழுதி வரலாம் என்றார்கள். அதற்குள் அவள் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். செல்வி புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் போட்டாள். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தன்லியினில் தையல் தொழிற்சாலையில் சேர்ந்தாள். விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவளின் காலடிச் சத்தம் மூன்றாவது மாடியைத் தாண்டும்போது நான் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பேன். அவள் அழுது நான் பார்க்கவில்லை. அவர் ஜெயித்தார். வெற்றி ஊர்வலம் எங்கள் தெரு வழியாக வந்தபோது நான் கடையின் இரும்புக் கதவை இழுத்து மூடினேன்.

பாராளுமன்றத்திலாவது ஏதாவது செய்தாரா? சாக்கடை பற்றிக் கேள்வி கேட்டார். தெரு விளக்கு பற்றிக் கேட்டார். பஸ் நிறுத்தத்துக்குக் கூரை போட வைத்தார், அது இன்னும் இருக்கிறது, நல்ல கூரைதான். கார்டு இல்லாமல் அலைகிற எங்கள் பிள்ளைகளைப் பற்றி ஐந்து வருடத்தில் ஒரு கேள்வி கேட்கவில்லை. மனசு ஆறாமல் ஒரு தடவை படியில் நிறுத்திக் கேட்டுவிட்டேன்.

"நான் கேட்டா அது நம்ம சனத்தோட கேள்வின்னு ஒதுக்கிடுவாங்க தங்கச்சி. வேற யாராச்சும் கேக்கணும். அப்பதான் அதுக்கு மதிப்பு."

"வேற யாரு கேக்கப்போறாங்க? ஒங்கள எதுக்கு அனுப்பினோம்?"

"யாபாதே, காலம் வரும்" என்றார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. இருந்து என்ன பயன்?

போன வருடம் ஒரு நாள் அவர் என் கடைக்கு வந்தார். பாராளுமன்றமும் பதவியும் போய்ச் சில வருடம் ஆகியிருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அவர் மகன், செல்வியைவிட ஆறு வயது சின்னவன், எப்படியாவது வெளிநாடு போய்விட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தான். ஊரில் பையன்கள் எல்லாரும் போய்க்கொண்டிருந்த நேரம், பிடித்துப் பட்டாளத்தில் சேர்த்துவிடுவார்கள் என்ற பயம், அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டுக்குக் கார்டு வேண்டும். அந்தப் பையனிடம் கார்டு இல்லை! வார்டுத் தலைவராக இருந்தபோது எடுத்தால் பதவியைப் பயன்படுத்தினார் என்பார்கள், உறுப்பினராக இருந்தபோது எடுத்தாலும் அதையேதான் சொல்வார்கள் என்று, இருபது வயதுவரைக்கும் மகன் பேப்பரையும் இவர் அடியிலேயே வைத்திருந்திருக்கிறார். அது தெரிந்தபோது பாவம் என்றுதான் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கோபம்தான் இன்னும் ஏறியது. பெற்ற பிள்ளைக்குக்கூட அப்பாவாக இருக்காத இந்த நேர்மை யாருக்காக?

அன்றைக்கு மதியத்துக்குள் நகல்களோடு வந்தால் கடிதம் தருகிறேன் என்று இப்போதைய வார்டுத் தலைவர் சொல்லியிருந்தார். மறுநாள் முதல் ஆபீஸ் பத்து நாள் மூடல். எங்களுக்கு அந்த வாரம் காலை பதினோரு மணிக்குக் கரண்டு போனால் மூன்று மணிக்குத்தான் வரும். மணி பத்தே முக்கால். கடையில் அவருக்கு முன்னால் மூன்று பேர். முதல் ஆள், மொகிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் கடை வைத்திருக்கிற தோ மியா, மகளின் நிலப் பத்திரத்தை ஒரு கட்டு கொண்டுவந்திருந்தார். அது ஒன்றுக்கே கால் மணி நேரம் பிடிக்கும். தொழிற்சாலையில் அன்று வேலையில்லாததால் செல்விதான் மெஷினில் நின்றாள்.

அவர் கடைசியில் போய் நின்றார். மணியைப் பார்த்தார். உறையை இன்னொரு கைக்கு மாற்றினார். சத்தியமாகச் சொல்கிறேன், நிற்கட்டும் என்றுதான் இருந்தேன்.

செல்வி அவரைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், கையை நீட்டினாள். "குடுங்க மாமா."

"வேணாம்மா. இவங்கல்லாம் முன்னாடி வந்தவங்க. நம்மாளுங்க கொஞ்சம்..."

முடிப்பதற்குள் தோ மியா திரும்பிவிட்டார். தமிழ் பேச வராது என்றாலும் இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவர், பேசுவது புரியும். பர்மிய மொழியில் பொரிந்து தள்ளினார்.

"என்ன லூஜி இது? உன் மகன் பேப்பர்தானே? இன்றைக்குக் கடைசி நாள் என்று தெருவுக்கே தெரியும். முன்னால் போ என்றால் போக வேண்டியதுதானே!"

"இல்லை தோ மியா, பிறகு யாராவது ஏதாவது..."

"யார்? யார் சொல்வது? அந்தப் புயலின்போதே உன் அம்மா பாத்திரத்தோடு பின்னால் நின்றாள். நான் முன்னால் வா என்று கூப்பிட்டேன், நீதான் விடவில்லை. நாங்கள் எப்போது வேண்டாம் என்றோம்? ஒரு நாளாவது எங்களைக் கேட்டாயா?"

மற்ற இரண்டு பேரும், அவர்களும் பர்மாக்காரர்கள்தான், ஆமாம் ஆமாம், எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை என்று விலகி வழிவிட்டார்கள். அவர் அசையவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இருபது வருடமாக யாருக்குப் பயந்து எங்களைப் பின்னால் தள்ளினாரோ, அவர்கள் அந்தச் சின்னக் கடையில் சுவரோடு ஒட்டி நின்று அவருக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தார்கள். செல்வி அவர் கையிலிருந்து உறையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டாள். ஏழு தாள், ஒவ்வொன்றிலும் இரண்டு நகல். கடைசித் தாள் வெளியே வந்ததும் மெஷின் அணைந்தது.

அவர் வாங்கிக்கொண்டு நின்றார். செல்வியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மொதல்ல போங்க மாமா, மணியாவுது" என்றாள் அவள். தெருவைத் தாண்டி ஆபீசுக்குள் அவர் ஓடினதைப் பார்த்தேன். அந்த வயதில், அந்த உடம்போடு ஓடினார். பையனுக்குக் கார்டு வந்தது, மலேசியாவுக்குப் போய்விட்டான்.

கடை காலியானதும் நான் செல்விமேல் பாய்ந்தேன். "ஏண்டி, ஒனக்குக் கொஞ்சமாச்சும் ரோஷம் இருக்கா? யாருக்குடி செஞ்ச?"

மெஷினுக்குப் பின்னால், தாள் கட்டுகளின்மேல் உட்கார்ந்திருந்தாள். குனிந்து பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள். கல்லூரி கைநழுவிப் போனபோது அழாதவள், அப்பாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள், துப்பட்டா நுனியை வாயில் அடைத்துக்கொண்டு தேம்பினாள்.

"அம்மா, வார்டுல பத்து வீட்டுக்கு ஒரு தலைவர் வைப்பாங்கல்ல, அப்ப நம்ம தெருவுக்குத் தோ மியாதாம்மா. பர்மாக்காரங்க, அவங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா மாமா பயப்படாம போட்டிருப்பாரு. தெனம் காலைல அவங்க கடையிலதான் மொகிங்கா வாங்கினோம். நாலு மாசம்மா. நம்மளாவது அவங்ககிட்ட கேட்டிருக்கலாமேம்மா."

கேட்கலாம் என்று எனக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. அவர் சொன்ன இடத்தில் நானும் நின்றேன், பிள்ளையையும் நிறுத்தினேன். இத்தனை வருடம் அவர்மேல் வைத்திருந்த கோபத்தில் பாதி அன்றைக்கு என் பக்கம் திரும்பிவிட்டது. மீதிப் பாதி அவருக்குத்தான். செத்துப்போனார் என்பதற்காக அதை நான் விடுவதாக இல்லை.